சந்திக்கப் போகுமுன் ஆளை உறுதிசெய்யுங்கள்

டேட்டிங் செயலியில் பழகியவரை கொழும்பு வெள்ளவத்தையில் சந்திக்கப் போகிறீர்களா? முதலில் அவரது படங்களை கூகுள் லென்ஸில் தேடுங்கள். வேறு பெயரில் வந்தால் திருட்டுப் படமாக இருக்கலாம். ஒன்றும் வராவிட்டாலும் நம்பிவிட வேண்டாம். இணையத்தில் ஏறாத படம் தேடலில் சிக்காது.

பிறகு 5 நிமிட வீடியோ கோல். "நானும் கமராவைப் போடுறன், நீங்களும் போடுங்கோ" என்று கேட்டால் மனம் நோகாது. இருவரும் முகத்துக்குக் குறுக்கே கையை அசைத்துக் காட்டுங்கள். கணினியால் மாற்றிய செயற்கை முகம் என்றால் சிலவேளை அங்கே குலையும்.

அடையாள அட்டைப் படத்தைக் கேட்கவும் வேண்டாம், அனுப்பவும் வேண்டாம். அந்த 12 இலக்கங்களிலேயே பிறந்த ஆண்டு, நாள், பாலினம் மூன்றும் தெரிந்துவிடும். காசு கேட்டு மிரட்டினால் செய்திகளை அழிக்காமல் 119 பொலிஸுக்கு அழையுங்கள்.