அம்பாசமுத்திரத்து மோடமும் ஐப்பசி மழையும்

2001 வாக்கில் அம்பாசமுத்திரத்தில் அச்சுக்கோப்பு வேலை செய்தபோது, முடித்த காலண்டர் பக்கங்களை மோடம் (கணினித் தகவலைப் போன் கம்பி வழியே அனுப்பும் பெட்டி) வழியாகத்தான் சிவகாசிக்கு அனுப்பினேன். மோடம் பெட்டியில் 56 கே, அதாவது நொடிக்கு 56 கிலோபிட், என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும்; அது இறக்குவதற்கு மட்டும். வி.90 என்ற அந்த மோடம் தரமுறையில் ஏற்றும் வேகம் 33.6 கிலோபிட்டைத் தாண்டாது. ஆகவே 1 எம்பி கோப்புக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் ஆவதில் குற்றமில்லை. பாதியில் அறுந்துபோவதுதான் கோளாறு.

ஐப்பசி பிறந்தால் இது அன்றாடக் கூத்து. ரிசீவரைக் காதில் வைத்தால் டயல் டோனுக்குப் பின்னால் அப்பளம் பொரிகிற சத்தம். அந்த இரைச்சலில் இரு முனை மோடங்களும் வேகத்தை மறுபடி மறுபடி பேசி முடிவு செய்கின்றன. அதுவரை தகவல் நகராது. ஒத்துவராவிட்டால் இணைப்பே போய்விடும்.

அதே இணைப்பில் அடுக்களையில் இருந்த இரண்டாவது போனைக் கழற்றினேன். (அத்தை அதற்காக முகம் கொடுத்துப் பேசவில்லை.) இரைச்சல் குறைந்தது. இறவாரத்தில் களிம்பேறிக் கிடந்த போன் கம்பி முறுக்கைச் சுரண்டி, புதிதாக முறுக்கி டேப் சுற்றியதும் மீதியும் அடங்கியது.

பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடரும் எஃப்.டி.பி. (கோப்பு அனுப்பும் முறை) மென்பொருளுக்கு மாறினேன். பெரிய கோப்புகளைச் சுருக்கி, 1 எம்பி துண்டுகளாக வெட்டியே அனுப்பினேன். அறுந்தாலும் அந்த ஒரு துண்டோடு போகும்.