அலசாத குளியல்: ஒன்பது துணி, ஒரு ஹாட்பேக்

நாற்காலியில் உட்கார வைக்க முடிகிறவர்களைப் பாத்ரூமுக்கே கூட்டிப்போங்கள். இது கட்டிலை விட்டு இறங்க முடியாதவர்களை, பிறகு தண்ணீர் விட்டு அலசாமல் துணியாலேயே துடைத்துவிடும் முறை.

இதற்கென்று அலசத் தேவையில்லாத பொருள்கள் கடையில் மூன்று வகை கிடைக்கின்றன: பெரியவர்களுக்கான ஈரத்துணி பாக்கெட், நேரே உடம்பில் தேய்த்து டவலால் துடைத்தெடுக்கும் வகை, தண்ணீரில் கலக்கும் லிக்விட். தினமும் செய்வதற்கு மூன்றாவதுதான் நல்லது, செலவும் குறைவு. பாக்கெட் துணி மெல்லிசு, எடுத்த அரை நிமிஷத்தில் ஜில்லிட்டுவிடும். அதை ஊருக்குப் போகும்போது வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுச் சோப்பையே கரைத்துத் துடைத்தால் என்ன? தோலின் பிஎச் (அமில, கார அளவு) 5-ஐ ஒட்டி இருக்கும், சோப்பு 9, 10 என்று போகும். அலசாமல் விட்டால் தோல் வறண்டு அரிக்கும். தண்ணீரில் கிருமிநாசினி கலப்பதும் வேண்டாம்.

பழைய பருத்தி டவலை முகம் துடைக்கும் அளவுக்கு வெட்டி ஒன்பது துணி எடுங்கள். முகத்துக்கு ஒன்று, வெறும் தண்ணீரில் நனைத்தது. கழுத்து, மார்பு, வயிறு சேர்த்து ஒன்று, கைகளுக்கு இரண்டு, கால்களுக்கு இரண்டு, முதுகு, முன்பக்க மறைவிடம், பின்பக்கம் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. சுமார் 40 டிகிரி வெந்நீரில் பாட்டிலில் போட்டிருக்கும் அளவுக்கு லிக்விட் கலந்து, மற்ற எட்டையும் நனையுங்கள். நுரை வரவில்லையே என்று கூடுதலாக ஊற்றினால் தோல் பிசுபிசுக்கும்.

சொதப்பல் பெரும்பாலும் பிழிவதில்தான். துணியை முஷ்டியில் இறுக்கினால் ஒரு சொட்டுகூட விழக்கூடாது, பிரித்தால் கை ஈரமாக வேண்டும். அதற்கு மேல் நனைந்திருந்தால் தண்ணீர் முதுகுக்கடியில் இறங்கி விரிப்பை நனைக்கும். நனைந்த விரிப்பில் ஊறிய தோல் சீக்கிரம் உரியும், படுக்கைப்புண்ணும் எளிதில் வரும். பிழிந்ததும் சுருட்டி, இட்லி வைக்கும் ஹாட்பேக்கில் அடுக்கி மூடுங்கள். கடைசித் துணி வரை சூடு நிற்கும். மைக்ரோவேவில் வைத்தால் ஒரு இடம் வெதுவெதுப்பாகவும் இன்னொரு இடம் சுடச்சுடவும் இருக்கும், எதையும் உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பார்க்காமல் போடாதீர்கள்.

ஃபேனை நிறுத்திவிட்டு, துடைக்கும் பாகத்தை மட்டும் திறந்து மற்றதைப் போர்த்துங்கள். கண்ணை மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். மறைவிடத்தை முன்னிருந்து பின்னாக மட்டும். சிறுநீர்க் குழாய் இருந்தால் உடம்பிலிருந்து வெளிநோக்கித் துடையுங்கள், பையை இடுப்புக்கு மேல் தூக்காதீர்கள்.

வெளித்தோல் தானே காய்ந்துவிடும். மார்புக்கடி, அக்குள், தொடையிடுக்கு, கால்விரல் இடுக்கு காயாது. உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். அங்கே பவுடர் கொட்டுவது பலர் வீட்டில் வழக்கம். வியர்வையில் அது கட்டிகட்டியாகி உரசும்.

முதுகுக்கு, தூரத்து முழங்காலை மடக்கி, தோளையும் இடுப்பையும் பிடித்து உங்கள் பக்கமாகத் திருப்புங்கள். பக்கவாதம் வந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. சட்டையைக் கழற்றும்போது நல்ல கை முதலில், போடும்போது பாதித்த கை முதலில்.

திருப்பிய கையோடு இடுப்பின் பின்னெலும்பு, குதிகால் இரண்டையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் வெளுக்காவிட்டால் படுக்கைப்புண் ஆரம்பம். நம் மாநிறத்தில் சிவப்பு தெரியாது. சுற்றுத் தோலைவிடக் கறுத்து, சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். தேய்த்துவிடாமல் அந்தப் பக்கம் பாரம் விழாதபடி படுக்க வைத்து, டாக்டரிடமோ நர்ஸிடமோ காட்டுங்கள்.

தலைக்கு அலசாத ஷாம்பு தொப்பி இருக்கிறது. மாட்டி, மேலாக இரண்டு மூன்று நிமிஷம் பிசைந்துவிட்டு டவலால் துடைத்தால் போதும். விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களும் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கென்று வந்த இதே மாதிரி ஷாம்புவில்தான் தலை கசக்குகிறார்கள்.

பிற்சேர்க்கை: தொப்பி போட்டும் முடி பிசுக்காக இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு: காரணம் தேங்காய் எண்ணெய். தலை நிறைய எண்ணெய் இருந்தால் ஒரு தொப்பியில் போகாது. இரண்டு மூன்று நாள் முன்பே எண்ணெயை நிறுத்துங்கள். நீள முடியென்றால் பின்னலை அவிழ்த்துச் சிக்கெடுத்த பிறகு மாட்டுங்கள், அப்போதும் இரண்டு தொப்பி பிடிக்கும்.