பழைய 18 அடி பைபர் படகைத் திரும்பக் கடலில் இறக்குவதற்கு

பழைய பைபர் படகு ஒன்றை வாங்கியவர் முதலில் கேட்பது பெயிண்ட் என்ன விலை என்றுதான். பெயிண்ட் கடைசி வேலை. பைபர் உக்காது, அதற்குள் அடைபட்ட மரம்தான் உக்கும். எஞ்சின் தொங்கும் பின்பலகைக்குள் பிளைவுட் இருக்கிறது, பல படகுகளில் வங்குகளுக்குள்ளும் (தோலை உள்ளிருந்து தாங்கும் சட்டங்கள்) மரம் உண்டு. வெளித்தோல் பளபளவென்றிருக்க, உள்ளே பலகை பிசைந்த சோறாகிக் கிடக்கலாம். ஆகவே ஈரம் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்து அதை வெளியேற்றுவதுதான் வேலையின் பெரும்பகுதி. மேட் (கண்ணாடி இழைப் பாய்) ஒட்டுவது அதற்குப் பிறகு சில நாள் வேலைதான்.

திருகோணமலையில் இதற்கு ஒரு காலச் சிக்கலும் உண்டு. வாடைக் காலத்தில் கடல் கொந்தளிக்க, திருக்கடலூரிலும் சல்லியிலும் நிலாவெளியிலும் படகுகள் கரையில் ஏறிக் கிடக்கும். கையில் நேரமும் இருக்கும். ஆனால் நவம்பர், டிசம்பர்தான் இங்கே அதிக மழை. ஈரக்காற்றில் ஒட்டிய மேட் ஆறு மாதத்தில் அப்பளம் மாதிரிக் கிளம்பும். எனவே வாடைக்குள் பிரித்து வெட்டித் துப்புரவாக்குங்கள். பெப்ரவரி முழுக்கக் காய விட்டு, மார்ச், ஏப்ரலில் ரெசின் (மேட்டை ஊறவைத்து இறுகும் பிசின்) வேலையை முடியுங்கள். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று எழும்பிய பின்பு செய்தால் வெக்கையில் ரெசின் கையிலேயே இறுகும், காற்று கொண்டுவரும் புழுதி ஈரமான ரெசினில் படியும்.

தட்டிப் பார்த்தல்

படகைக் கவிழ்க்க முன், ஒரு சின்னச் சுத்தியலோ ஸ்க்ரூ டிரைவரின் பிடியோ எடுத்து நாலு விரற்கடைக்கு ஒரு தட்டாகத் தட்டி வாருங்கள். நல்ல இடம் ‘டக்’ என்று கணீரென ஒலிக்கும். பைபர் படை (அடுக்கு) பிரிந்த இடமும் ஈரம் ஊறிய இடமும் ‘தொப்’ என்று மந்தமாகக் கேட்கும். அந்த எல்லையைச் சோக்கால் கோடு போட்டு வையுங்கள். வெயிலில் படகு கொதித்திருக்கும்போது ஒலி ஏமாற்றும், காலையிலேயே பாருங்கள்.

எஞ்சின் பலகைக்குத் தட்டல் மட்டும் போதாது. எஞ்சினைப் பூட்டிய நிலையில் அதன் கீழ்முனையைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். பலகையும் சேர்ந்து வளைந்தால் உள்ளே போய்விட்டது என்று பொருள். நிச்சயப்படுத்த, உட்பக்கமாக, அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் 6 மி.மீ. துளை மூன்று போடுங்கள். துளைக்கும்போது வரும் தூள் வெளிறி உலர்ந்திருந்தால் பலகை நலம். கறுத்து, ஈரமாக, புளித்த மணத்தோடு சுருண்டு வந்தால் மாற்றத்தான் வேண்டும். பெரும்பாலும் உக்கல் தொடங்குவது தண்ணீர் வடியும் அடைப்பான் துளையிலிருந்தும் எஞ்சின் ஆணித் துளைகளிலிருந்தும்தான். துளை போட்டவர் உட்சுவரை மூடாமல் விட்டிருப்பார்.

வெடிப்புகளையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நட்சத்திரம் போல ஒரு புள்ளியிலிருந்து பிரிந்தால் அது அடிபட்ட இடம். வங்கின் ஓரமாக நீளவாக்கில் ஓடினால், இறுகிய வங்குக்கும் நெகிழும் தோலுக்கும் இடையில் படகு வளைகிறது. பட்டி (ரெசினில் தூள் குழைத்த களி) பூசி மறைத்தால் அடுத்த பருவத்தில் அதே கோடு திரும்ப வரும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அவசரமாக வார்க்கப்பட்ட சில படகுகளில் தோலே மெலிவு. வெட்டிப் பார்க்கும் இடத்தில் அடி 5 மி.மீ. கூட இல்லையென்றால், திருத்தும் செலவை இரண்டு தரம் யோசியுங்கள்.

காய வைத்தல்

ஜெல்கோட் (தோலின் வெளிப்பூச்சு) ஊதிய இடத்தையும் மந்த ஒலி வந்த இடத்தையும் 36 நம்பர் தட்டுப் போட்டுக் கிறைண்டரால் நல்ல பைபர் தெரியும் வரை தீட்டுங்கள். பிறகு நன்னீரால் கழுவுங்கள். ஒரு தரம் அல்ல, மூன்று நாளைக்குத் தினமும். உப்புத் தங்கிய வெடிப்பு இரவுக் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், எத்தனை நாள் வெயிலில் போட்டாலும் காயாது.

காய்ந்ததா என்று அறிய ஒரு அடிச் சதுரப் பொலித்தீனை அந்த இடத்தில் நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்பக்கத்தில் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. படகின் மேல் தறப்பாள் கட்டுவதென்றால் இரண்டு பக்கமும் காற்றுப் போக விட்டுக் கட்டுங்கள், இறுக்கி மூடினால் இட்லிப் பானைதான்.

எஞ்சின் பலகை மாற்றுதல்

வெளித்தோலைத் தொடாதீர்கள், படகின் வடிவம் அதில் இருக்கிறது. உட்தோலைச் சுற்றிவர இரண்டு அங்குல ஓரம் விட்டு வெட்டி எடுங்கள். உளியால் பழைய பலகையைக் கிள்ளிக் கிள்ளிக் களையுங்கள். ஒட்டியிருக்கும் கடைசிச் சிம்பும் போக வேண்டும்.

புதுப் பலகைக்கு 18 மி.மீ. மரைன் பிளைவுட் இரண்டை ஒட்டி 36 மி.மீ. ஆக்குவது வழமை. கடைப் பிளைவுட்டை வாங்கி மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள், அதன் பசை தண்ணீருக்கு நிற்காது. உயரத்தை எஞ்சினைப் பார்த்துத் தீர்மானியுங்கள்: குட்டைத் தண்டுக்கு 15 அங்குலம், நீளத் தண்டுக்கு 20 அங்குலம். விசிறிக்கு மேலுள்ள தட்டையான தகடு படகின் அடிமட்டத்தோடு அல்லது அதற்கு ஓர் அங்குலம் கீழே நிற்க வேண்டும். அதற்கு மேலே போனால் அலையில் விசிறி காற்றைப் பிடித்து எஞ்சின் அலறும்.

பலகையின் எல்லா முகத்துக்கும் ரெசின் குடிக்கவிடுங்கள், வெட்டு விளிம்புகளுக்கு மூன்று தரம். வெளித்தோலின் உட்புறத்தில் (சதுர மீற்றருக்கு) 450 கிராம் மேட் ஒரு படை நனைத்து ஒட்டி, அதன் மேல் பட்டி பரப்பி, பலகையை வைத்து அழுத்துங்கள். குறுக்கே சட்டம் போட்டு கிளாம்பால் இறுக்கும்போது ஓரங்களில் பட்டி பிதுங்கி வர வேண்டும். பிதுங்காத இடத்தில் வெற்றிடம் இருக்கிறது, தண்ணீர் வந்து குடியிருக்கப் போகும் வீடு அதுதான். பலகையும் அடித்தோலும் சந்திக்கும் மூலையைப் பட்டியால் வளைவாக நிரப்புங்கள், சோடாப் போத்தலின் அடியால் இழுத்தால் அளவான வளைவு வரும். கூரான மூலையில் மேட் படியாது, பின்னால் காற்று நிற்கும். அதன் மேல் மேட், ரோவிங் (நெய்த கண்ணாடி இழைத் துணி), மேட், மேட் என நாலு படை, ஒவ்வொன்றும் அடித்தோலிலும் பக்கத் தோலிலும் ஒரு சாணாவது ஏறி நிற்கும்படி.

ஆணித் துளைகளில்தான் பலரும் கோட்டை விடுவார்கள். 12 மி.மீ. ஆணிக்கு முதலில் 18 மி.மீ. துளை போடுங்கள். அடியில் டேப் ஒட்டி, பைபர் தூள் கலந்த ரெசினால் அந்தத் துளையை முழுக்க நிரப்புங்கள். இறுகிய பின் அதன் நடுவில் 12 மி.மீ. துளையுங்கள். இப்போது ஆணி உரசுவது ரெசினில், மரத்தில் அல்ல. அடைப்பான் துளைக்கும் இதே முறைதான்.

ரெசின் கலவை

மேட் ஒரு கிலோவுக்கு ரெசின் இரண்டரைக் கிலோ, ரோவிங் ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ. எஞ்சின் பலகை, ஏரா (படகின் அடி நடுவில் நீளவாக்கில் ஓடும் முதுகு), இரண்டு மூன்று ஒட்டுகள் என்றால் 15 கிலோ ரெசின் போதும். வெளிப்புறம் முழுக்க ஜெல்கோட் அடிப்பதென்றால் அது தனியாக ஏழு கிலோ வரை.

நம் வெக்கைக்கு ஒரு கிலோ ரெசினுக்கு ஹார்ட்னர் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) 10 மில்லி. ஊசி மருந்து ஏற்றும் சிரிஞ்சால் அளந்து விடுங்கள், மூடியால் ஊற்றும் பழக்கம் வேண்டாம். சீக்கிரம் இறுகுகிறதே என்று 10 மில்லிக்குக் கீழே குறைத்தால் ரெசின் கடைசிவரை இறப்பர் மாதிரியே நிற்கும். இறுகலைத் தள்ளிப்போட வழி வேறு: நிழலில், காலை பத்து மணிக்கு முன், அரைக் கிலோ அரைக் கிலோவாக, அகலமான பேசினில் கலக்குங்கள். ஆழமான டின்னில் கலந்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும், தீயும் பிடிக்கும்.

கடையில் வாங்கிய ரெசினில் கோபால்ட் (இறுகலை முடுக்கும் திரவம்) ஏற்கெனவே கலந்திருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி, பிறகே ஹார்ட்னர். இரண்டையும் நேராக ஒன்றோடொன்று சேர்த்தால் வெடிக்கும். ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்: கண்ணாடி போடாமல் போத்தலைத் திறக்காதீர்கள், பட்டுவிட்டால் கால் மணித்தியாலம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டு உடனே ஆஸ்பத்திரி. கிறைண்டர் பிடிக்கும்போது துணியைக் கட்டிக்கொண்டால் போதாது, நல்ல முகமூடியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும்.

ஒட்டும் ஏராவும்

ஓட்டை எவ்வளவு சின்னதானாலும் ஓரத்தைச் சாய்வாகத் தீட்ட வேண்டும். தோலின் தடிப்புப் போல் 12 மடங்கு அகலம்: 5 மி.மீ. தோலுக்கு ஒவ்வொரு பக்கமும் 60 மி.மீ. சாய்வில்லாத ஒட்டு போத்தல் மூடி மாதிரி ஒரே அடிபடலில் தெறிக்கும். பழைய பைபரைத் தொடும் முதல் படை எப்போதும் மேட், ரோவிங் அல்ல; ரோவிங்கின் முடிச்சுகளுக்குக் கீழே ரெசின் நிரம்பாது. பெரிய துண்டை முதலில் வையுங்கள், சாய்வின் முழு அகலத்தையும் அது பிடிக்கும். 450 மேட் ஒரு படை ஏறத்தாழ 1 மி.மீ. தடிப்பு, எத்தனை படை என்று கணக்கிட அது போதும். இரும்பு உருளையால் காற்றுக் குமிழை வெளியே தள்ளுங்கள். வெள்ளையாகத் தெரியும் இடம் ரெசின் குடிக்காத இடம். ஒரு நாள் தாண்டி அடுத்த படை போடுவதென்றால் 80 நம்பர் சாண்ட் பேப்பரால் உரசிய பின்பே.

மணலில் இழுத்து ஏற்றும் படகுக்கு ஏராதான் முதலில் தேயும். அதில் இரும்புப் பட்டை அடித்து ஆணி போடும் வழக்கம் இருக்கிறது. ஒவ்வோர் ஆணியும் ஒரு தண்ணீர்க் குழாய். அதைவிட நாலு அங்குல அகலத்தில் மேட் மூன்று, ரோவிங் இரண்டு மாறி மாறிப் போட்டு, தேயத் தேய இரண்டு வருடத்துக்கொருமுறை புதுப்பிப்பது மலிவு. உள்துறைமுகத்திலோ கொட்டியாரக்குடாவிலோ நங்கூரத்தில் நிற்கும் படகுக்கு இந்தத் தடிப்புத் தேவையில்லை. அதற்குப் பாசி பிடிக்காத அடிப்பெயிண்ட்தான் தேவை.

மாற்றங்கள்

15 குதிரைவலு இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் ஏறத்தாழ 36 கிலோ. 40 என்றால் 70 கிலோவைத் தாண்டும். கூடுதல் எடை கடைசி முனையில் தொங்கும், கூடவே தள்ளும் விசையும் பலகையில் ஏறும். பெரிய எஞ்சின் போடத்தான் வேண்டுமென்றால், பலகையிலிருந்து அடித்தோலுக்கு முழங்கால் போன்ற முக்கோணத் தாங்கி இரண்டு வைத்துப் பைபரால் மூடுங்கள். எரிபொருள் தாங்கியையும் பற்றறியையும் நடுப்பக்கம் நகர்த்துங்கள். பழைய மெல்லிய படகுக்கு 25க்கு மேல் வேண்டாம். எஞ்சின் வலு மாறினால் மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்தில் பதிவையும் திருத்திக்கொள்ளுங்கள்.

மிதவை அறையைத் திறந்து பாருங்கள். பழைய ஃபோம் தண்ணீர் குடித்துக் கல்லாகியிருந்தால் அது மிதவையில்லை, பாரம். படகு 250 கிலோ என்று வைத்தால், மூழ்கிய நிலையில் பைபர் தன் எடையில் மூன்றில் ஒன்றாக, 85 கிலோவாகத்தான் இழுக்கும். எஞ்சினுக்கும் சாமானுக்கும் 80, தொற்றிப் பிடிக்கும் ஆட்களுக்கு 100 சேர்த்தால் 265 கிலோ. ஒரு லீற்றர் காற்று ஏறத்தாழ ஒரு கிலோவைத் தாங்கும், ஆகவே கொஞ்சம் கூட்டி 300 லீற்றர் அடைத்த காற்று வேண்டும். இதற்கு ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் 200 போதும். விடியற்குளிரில் மூடியை இறுக்கி, அணியத்திலும் (முன்முனை) பின் இரு மூலைகளிலும் பிரித்து அடுக்குங்கள். ஒரே இடத்தில் அடைத்தால் படகு செங்குத்தாக நிற்கும். மீன் பெட்டியாக வரும் வெள்ளை ரெஜிபோமை வைத்து அதன் மேல் ரெசின் ஊற்றாதீர்கள், கண்ணெதிரே கரைந்து பள்ளமாகிவிடும். ஐஸ் பெட்டியும் இப்படியே: அதைச் சுற்றி ரெஜிபோம் வைப்பதென்றால் பொலித்தீனால் சுற்றி, அதன் மேல் மெல்லிய பிளைவுட் மூடி, பிறகே மேட்.

எல்லாம் முடிந்த பின் ஒரு வாரம் விடுங்கள். அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துப் பாருங்கள்: பிசுபிசுத்தால் மெழுகு கலந்த ரெசின் மேற்பூச்சு ஒன்று போட வேண்டும். பிறகுதான் உரசி, பெயிண்ட். முதல் நாள் அலையற்ற உள்துறைமுகப் பக்கம் அரை மணித்தியாலம் மட்டும் ஓட்டி, கரையேற்றி, அடைப்பானைக் கழற்றி எவ்வளவு தண்ணீர் வடிகிறது என்று பாருங்கள். எஞ்சின் ஆணிகளை அன்றைக்கே ஒரு சுற்று இறுக்குங்கள், புதுப் பலகை முதல் ஓட்டத்தில் கொஞ்சம் அமுங்கும்.