மார்கழில பொறந்த செம்மறிக்குட்டி விறைச்சுப் போகாம பாத்துக்கிறது எப்படி

ஆடி ஆவணில கெடா சேந்த ஆடுங்க அஞ்சு மாசம் கழிச்சு கரெக்டா மார்கழி தைல வந்து குட்டி போடும், நமக்கு போர்வைக்குள்ளேர்ந்து கைய நீட்டவே மனசு வராத நேரம் தான் அதுங்களுக்கு பிரசவ நேரம். நாங்க இருக்கிறது தர்மபுரி பக்கம், வெச்சிருக்கிறது மேச்சேரி ஆடு. முடி கம்மியான ஆடு, வெயிலுக்கு அசராது, ஆனா குட்டி ரெண்டு ரெண்டரை கிலோ தான் இருக்கும், பனிக்குட தண்ணில முழுக்க நனைஞ்சு தரையில வந்து விழும், அந்த ஈரத்து மேல வாடைக்காத்து பட்டுச்சுன்னா பெரிய குளிர் கூட தேவையில்ல, 15 டிகிரிலயே நடுங்கி சுருண்டுடும்.

மொத வருஷம் ஒரு குட்டி விடியக்காலைல கட்டை மாதிரி கெடந்துச்சு. வீட்டுக்குள்ள தூக்கிட்டு ஓடி பல்பு வெளிச்சத்துல வெச்சு வாயில பால ஊத்தினேன், ஒரு மணி நேரத்துல கால இழுத்துக்கிட்டு செத்துப்போச்சு. நான் பண்ணின ரெண்டுமே தப்புன்னு அப்புறம் தான் தெரிஞ்சுது, ஏன்னு கீழ சொல்றேன்.

மொதல்ல கொட்டாய் விஷயம். குளிருதேன்னு சுத்தி தார்ப்பாய் போட்டு பொட்டி மாதிரி மூடிடாதீங்க, மூத்திர நெடி உள்ளயே நின்னு குட்டிக்கு சளி புடிச்சு நிமோனியால கொண்டு போய் விட்டுடும். குட்டி மேல காத்து படாத அளவுக்கு, அதாவது தரையிலேர்ந்து ஒரு மூணு அடி வரைக்கும் சாக்கோ தென்னங்கீத்தோ கட்டி காத்த அடைங்க, மேல தெறந்தே இருக்கட்டும். பரண் கொட்டாய் வெச்சிருக்கவங்க இன்னும் கவனமா இருக்கணும், பலகை சந்து வழியா கீழேர்ந்து வர்ற காத்து நேரா குட்டி வயித்துல தான் அடிக்கும், கால் வேற சந்துல மாட்டும். குட்டி போடுற ஆட்ட மட்டும் ஒரு மூலைல தடுத்து, பலகை மேல சாக்கு விரிச்சு அது மேல வைக்கோல் நல்லா கனமா போடுங்க. வைக்கோல் காஞ்சிருக்கான்னு பாக்க ஒரு வழி இருக்கு, வேட்டியோட அது மேல ஒரு நிமிஷம் மண்டி போடுங்க, முட்டி ஈரமாச்சுன்னா மாத்தணும். கொசுவுக்கு மூட்டம் போடுற பழக்கம் இருந்தா குட்டிங்க இருக்கிற பக்கம் வேண்டாம்.

குட்டி விழுந்த உடனே மூக்கு வாயில இருக்கிற சளிய வழிச்சு விட்டுட்டு, தாய் நக்குறதுக்கு விட்டுடுங்க. அது நக்கி நக்கி தான் குட்டிக்கு ரத்த ஓட்டம் வரும், வாசனையும் பழகும். தலையீத்து ஆடா இருந்தா சில சமயம் பயந்துக்கிட்டு ஒதுங்கி நிக்கும், அப்ப மட்டும் பழைய துணியால தேச்சு காய வைங்க, அந்த ஈரத்த கொஞ்சம் தாய் மூக்குல தடவுங்க, முக்காவாசி நக்க வந்துடும். தொப்புள்கொடில டிங்சர் அயோடின் நல்லா நனையுற மாதிரி வைங்க. தயவு செஞ்சு வெந்நீர்ல குளிப்பாட்டாதீங்க, வாசனை போச்சுன்னா தாய் முட்டித் தள்ளும், திரும்ப காய வைக்கிறதுக்குள்ள உங்க பாடு திண்டாட்டம் ஆயிடும்.

அடுத்தது சீம்பால், இதுல தான் நம்ம ஆளுங்க நிறைய பேர் கோட்டை விடுறாங்க. நஞ்சுக்கொடி விழுற வரைக்கும் குட்டிய மடில விடக்கூடாதுன்னு எங்க தாத்தா காலத்துலேர்ந்து ஒரு பேச்சு இருக்கு, அத கேட்டு காத்திருந்தீங்கன்னா குட்டி போயிடும். குட்டி பொறக்கும்போது உடம்புல கொஞ்சமா கொழுப்போட வரும், அத எரிச்சு தான் மொத சில மணி நேரம் சூடா இருக்கும், கிட்டத்தட்ட 5 மணி நேரத்துல அது தீந்துடும், அதுக்குள்ள வயித்துல பால் எறங்கலன்னா அடுப்புல வெறகு தீந்த கதை தான். காம்புல மெழுகு மாதிரி அடைச்சிருக்கும், ரெண்டு பீச்சு பீச்சி தெறந்துட்டு குட்டி வாய கொண்டு போய் வைங்க. ரெண்டரை கிலோ குட்டிக்கு மொத ரெண்டு மணி நேரத்துல 100லேர்ந்து 125 மில்லி, மொத நாள் முழுக்க அரை லிட்டர் போகணும். தாய்க்கு பால் இல்லன்னா அன்னைக்கு ஈந்த வேற ஆட்டு சீம்பாலோ மாட்டு சீம்பாலோ குடுக்கலாம். ஃப்ரீசர்ல வெச்சிருந்தத எடுத்தா வெதுவெதுப்பான தண்ணில பாட்டில நிக்க வெச்சு தான் உருக்கணும், அடுப்புல வெச்சா திரிஞ்சு கட்டியாயிடும், அப்புறம் வெல்லம் போட்டு நாம தான் திங்கணும்.

இப்ப விறைச்ச குட்டி. முதுக கூனிக்கிட்டு, வயிறு ஒட்டி, காது தொங்கிக்கிட்டு தனியா நின்னா வாயில ஒரு விரல விட்டுப் பாருங்க, வாய் உள்ள ஜில்லுன்னு இருந்தா ஆபத்து. மெடிக்கல்ல வாங்குற டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒண்ணு ஆட்டுக்குன்னே தனியா வெச்சுக்கங்க, ஆசனவாயில வெச்சா 102லேர்ந்து 104 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டணும். 99க்கு மேல இருந்து தலை தூக்கி விரல சப்புச்சுன்னா காய வெச்சு பால் குடுத்து தாய்கிட்டயே விடலாம். 99க்கு கீழ போயி தலைய தூக்க முடியாம கெடந்தா வாயில எதையும் ஊத்தாதீங்க, முழுங்க முடியாது, பால் நுரையீரலுக்கு போயிடும். இது என்னோட மொத தப்பு. ரெண்டாவது தப்பு, பொறந்து 5 மணி நேரம் தாண்டின பசிக்குட்டிய நேரா சூட்டுல வெச்சது. உடம்புல சர்க்கரை சுத்தமா இல்லாம இருக்கும்போது சூடு பண்ணினா வலிப்பு வந்து போயிடும். அந்த மாதிரி குட்டிக்கு மொதல்ல வயித்துக்குள்ள குளுக்கோஸ் ஊசி, அப்புறம் தான் சூடு. அந்த ஊசி டாக்டர் போடுறது, நாம கை வைக்கக் கூடாது, கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962க்கு போன் போடுங்க, பக்கத்துல கால்நடை ஆஸ்பத்திரி இருந்தா துணில சுத்தி தூக்கிட்டு ஓடுங்க. பொறந்து கொஞ்ச நேரமே ஆன குட்டின்னா இந்த பயம் இல்ல, தொடச்சு உடனே சூடு பண்ணலாம்.

சூடு பண்ண அட்டைப்பொட்டி, அடியில வைக்கோல், ரெண்டு பக்கமும் வெந்நீர் பாட்டில சாக்குல சுத்தி வைங்க, இது போதும். பாட்டில் நேரா தோல்ல பட்டா வெந்துடும். அரை மணிக்கு ஒரு தடவை தெர்மாமீட்டர் வெச்சு பாத்து, 99 தாண்டி விரல சப்ப ஆரம்பிச்ச அப்புறம் சீம்பால் குடுங்க. கொட்டாய்ல பல்பு போடுறதா இருந்தா ஒயர்ல தொங்க விடாதீங்க, கம்பில கட்டி குறைஞ்சது மூணு நாலு அடி உயரத்துல மாட்டுங்க, வைக்கோல்ல விழுந்தா கொட்டாயே போயிடும். குட்டி பல்புக்கு நேர் கீழ வராத மாதிரி தள்ளிப் போய் படுத்தா சூடு அதிகம்னு அர்த்தம்.

மழை விடாம புடிச்ச ராத்திரில நாங்க யூரியா சாக்கு இல்லாம சணல் சாக்கு துண்டுல நாலு ஓட்டை போட்டு குட்டிக்கு சட்டை மாதிரி மாட்டி விடுறோம், வயித்துக்கு கீழ தொப்புள் தெரியுற மாதிரி விட்டுடணும், மூத்திரத்துல நனைஞ்சா உடனே கழட்டணும். மூணு நாள்ல குட்டி அந்த சாக்கோடயே குதிச்சு ஓடும், அப்ப அத புடிச்சு கழட்டுறது தான் பெரிய வேலை.