சேர்ந்த சில மாதங்களிலேயே வேலையை விடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வருவதில்லை. பொங்கல் முடிந்த வாரத்திலும் இதேதான். ஜூலை, ஆகஸ்டில் சென்னையிலோ பெங்களூரிலோ சேர்ந்து, வேலை பிடிக்காமல், யாரிடமும் சொல்லாமல் ஊரிலேயே தங்கிவிடுவார்கள். கம்பெனி லேப்டாப் பீரோவுக்குள் கிடக்கும். எச்.ஆர். துறையில் இருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் பார்த்துப் பழகிப்போன காட்சி இது. முன்பு ஒரு கூட்டம் செய்த அதே தவறை, இப்போது வேறொரு கூட்டம் செய்கிறது.

மேலாளரோடு சண்டை போடக் கூடாது, கம்பெனியை இணையத்தில் திட்டக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடலாம். சேர்ந்த முதல் 6 மாதத்துக்குள் விடலாமா, இருக்கலாமா என்று தவிக்கும்போது பணமும் பதிவேடும் எங்கே கெடுகின்றன என்பதுதான் இங்கே பேச்சு. தனியார் வேலை, அதிலும் ஐ.டி., பி.பி.ஓ. வேலைகளை மனதில் வைத்து எழுதியது.

## முதல் 3 வாரத்தை வைத்து முடிவெடுப்பது

முதல் 3 வாரத்தில் பெரும்பாலும் வேலையே இருக்காது. அடையாள அட்டை, லேப்டாப், சிஸ்டம் அனுமதிகள், முடித்தே ஆகவேண்டிய பயிற்சி வீடியோக்கள் என்று நாள் ஓடும். சேவை நிறுவனமாக இருந்தால் புராஜெக்ட் வரும்வரை பெஞ்ச், அதாவது வேலை இல்லாத காத்திருப்பு. "என்னை இங்கே யாருமே கண்டுகொள்ளவில்லை" என்ற புலம்பல் இந்தக் கட்டத்தில்தான் வரும். அது தானாகத் தீரும்.

தானாகத் தீராதது வேறு. டெவலப்பர் என்று எடுத்துவிட்டு இரவு ஷிஃப்டில் சப்போர்ட் வேலைக்குப் போட்டால், அது பழகப் பழகச் சரியாகிற விஷயம் அல்ல. ஆஃபர் கடிதத்தை எடுத்து பதவி, இடம், ஷிஃப்ட் மூன்றையும் பாருங்கள். நிறுவனத்தின் தேவைக்கேற்ப எந்தப் பணியும், எந்த நேரமும் தரலாம் என்று பெரும்பாலான கடிதங்களில் ஒரு வரி இருக்கும். அது இருந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று மல்லுக்கட்டிப் பயனில்லை. மேலாளருக்கும் எச்.ஆருக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சல் போடுங்கள்: நேர்காணலில் சொன்ன பணி இது, இப்போது செய்வது இது, எந்தத் தேதிக்குள் மாறும்? தேதியோடு பதில் வந்தால் காத்திருக்கலாம். "பார்க்கலாம்" என்று வந்தால் அதுதான் பதில். உள்ளேயே வேறு அணிக்குத் தாவிக்கொள்ளலாம் என்றும் கணக்குப் போட வேண்டாம். பல நிறுவனங்களில் 12 முதல் 18 மாதம் ஆனால்தான் அதற்கு விண்ணப்பிக்கவே விடுவார்கள்.

## புரொபேஷன் முடியும் தேதியைக் கவனிக்காமல் விடுவது

முடிவெடுக்க உண்மையான கெடு இந்தத் தேதிதான். புரொபேஷனில், அதாவது வேலை உறுதியாவதற்கு முந்தைய சோதனைக் காலத்தில், நோட்டீஸ் (விலகுவதாகச் சொன்ன பிறகும் வேலை பார்க்க வேண்டிய நாட்கள்) வழக்கமாக 15 அல்லது 30 நாள். வேலை உறுதியானதும் அது 60, 90 என்று எகிறிவிடும். 90 நாள் நோட்டீஸில் இருக்கும் புதியவரை எடுக்க அடுத்த கம்பெனி தயங்கும்.

சில கடிதங்களில், 6 மாதம் முடிந்தால் எந்தக் கடிதமும் இல்லாமலே வேலை உறுதியானதாகும். வேறு சிலவற்றில், எழுத்துப்பூர்வமாக உறுதிசெய்யும்வரை புரொபேஷன் நீளும். முதல் நாளிலிருந்தே 90 நாள் என்று போடுகிறவர்களும் உண்டு. உங்கள் கடிதம் எந்த வகை என்று பார்த்து, புரொபேஷன் முடிவதற்கு 3 வாரம் முன்பாவது ஒரு முடிவுக்கு வந்துவிடுங்கள்.

## சம்பளச் சீட்டைப் பார்த்து ஆத்திரப்படுவது

ஆண்டுக்கு 6 லட்சம் சி.டி.சி. (கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு) என்றால் மாதம் 50,000 கைக்கு வரும் என்று நினைத்து, முதல் சம்பளத்தைக் கண்டதும் பேப்பர் போட, அதாவது ராஜினாமா செய்ய, கிளம்புகிறவர்கள் பலர். அடிப்படைச் சம்பளம் அதில் பாதி, அதாவது 25,000 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், 3,000. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) 4.81 சதவீதம், சுமார் 1,200. ஆண்டு முடிவில் தரும் வேரியபிள் (செயல்திறனைப் பொறுத்து மாறும் பங்கு) சி.டி.சி.யில் 10 சதவீதம் என்றால் மாதக் கணக்கில் 5,000. மிச்சம் 40,800. உங்கள் பங்கு பி.எஃப். 3,000 போனால் 37,800. தொழில் வரி பிடிக்கும் மாதத்தில் இன்னும் குறையும். இதில் மோசடி எதுவும் இல்லை. அடுத்த கம்பெனியிலும் கணக்கு இப்படித்தான் இருக்கும். வேரியபிள் பங்கு எவ்வளவு என்று மட்டும் அங்கே முன்கூட்டியே கேளுங்கள்.

## சொல்லாமல் நின்றுவிடுவது

மற்ற தவறுகளில் கொஞ்சம் பணம் போகும், அதோடு முடியும். இது பல வருடம் கூடவே வரும். எரிச்சல் எதற்கென்றால், தப்பிக்க நினைத்த செலவு அவ்வளவு சின்னது. புரொபேஷன் நோட்டீஸ் 15 நாள், மாதச் சம்பளம் 40,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள்கூட இருக்க முடியாது என்றாலும், 20,000 ரூபாயைக் கட்டிவிட்டு, முறைப்படி விடுவித்ததாகக் கம்பெனி தரும் ரிலீவிங் லெட்டரோடு வெளியே வரலாம். அடிப்படைச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடும் கடிதமாக இருந்தால் தொகை இன்னும் குறையும். வராத நாட்களுக்குச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதால், பல நேரம் கையிலிருந்து ஒன்றுமே கொடுக்க வேண்டியிருக்காது.

சொல்லாமல் நின்றால் நடப்பது இது. இரண்டு மூன்று நாளில் மேலாளர் எச்.ஆருக்குச் சொல்வார். முதலில் மின்னஞ்சல், பிறகு வீட்டு முகவரிக்குத் தபாலில் எச்சரிக்கைக் கடிதங்கள். பதில் இல்லையென்றால் 'அப்ஸ்காண்டிங்' (சொல்லாமல் நின்றவர்) என்று பதிவுசெய்து பணிநீக்கம். ரிலீவிங் லெட்டர் கிடையாது. கடைசி மாதச் சம்பளம் நிற்கும், லேப்டாப்பின் விலை பாக்கியில் ஏறும். இதற்குப் பையன்கள் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "ரெண்டு மாசம்தானே சார், ரெஸ்யூமில் போடாம விட்டா யாருக்குத் தெரியும்?"

பி.எஃப். அலுவலகத்துக்குத் தெரியும். யூ.ஏ.என். என்ற 12 இலக்க பி.எஃப். எண் ஒருவருக்கு ஒன்றுதான். கம்பெனி மாற மாற அதன்கீழ் புதிய உறுப்பினர் எண்கள் சேரும். ஒரே ஒரு மாதம் சந்தா கட்டியிருந்தாலும் கம்பெனியின் பெயரும் சேர்ந்த தேதியும் பி.எஃப். தளத்தின் சர்வீஸ் ஹிஸ்டரியில் (பணி வரலாறு) நிற்கும். அந்தப் பக்கத்தை எடுத்துத் தரும்படி புதிய கம்பெனியின் சரிபார்ப்புக் குழு கேட்கும். வரி பிடித்திருந்தால் வருமான வரித் துறையின் பதிவிலும் பழைய கம்பெனியின் பெயர் இருக்கும்.

அதைவிடப் பெரிய தொல்லை, வெளியேறிய தேதி. அப்ஸ்காண்டிங் ஆனவர்களுக்கு அந்தக் கட்டம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். பதிவேட்டின்படி நீங்கள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறீர்கள். அடுத்த கம்பெனியின் சந்தா ஏறியதும் ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருப்பதாகத் தெரியும். போட்டி நிறுவனங்களுக்கும் சேர்த்து வேலை செய்ததாக 300 பேரை நீக்கியதாக 2022 செப்டம்பரில் விப்ரோ அறிவித்தது நினைவிருக்கலாம். இரட்டை வேலைச் சந்தேகத்தை இன்று யாரும் லேசில் விடுவதில்லை. வெளியேறிய தேதி இல்லாவிட்டால் பழைய பி.எஃப். பணத்தைப் புதிய கணக்குக்கு மாற்றவும் முடியாது.

2 மாதத்தில் வேலையை விட்டார் என்பதற்காக ஒருவரை ஒதுக்குவது அபூர்வம். மறைத்தார் என்பதற்காக ஆஃபரை ரத்துசெய்வது அன்றாடம் நடக்கிறது. சேர்ந்து 3 மாதம் கழித்துச் சரிபார்ப்பு அறிக்கை வந்தாலும் வெளியேதான். இதிலிருந்து தப்ப, புதிய கம்பெனியில் சேரும்போது நிரப்பும் பி.எஃப். படிவம் 11இல் "முன்பு உறுப்பினராக இருந்தீர்களா" என்ற கேள்விக்கு "இல்லை" என்று எழுதுவது அடுத்த அபத்தம். ஆதார் இணைந்திருப்பதால் பெரும்பாலும் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். தப்பித்தவறி இரண்டாவது யூ.ஏ.என். வந்துவிட்டால் இரண்டையும் இணைக்க அலைய வேண்டும்.

ஏற்கெனவே இப்படி நின்றுவிட்டவர்கள் செய்ய வேண்டியது: பழைய எச்.ஆருக்குப் பணியாளர் எண், கடைசியாக வேலை பார்த்த தேதி இரண்டையும் குறிப்பிட்டு ராஜினாமா மின்னஞ்சல் அனுப்புங்கள். கதை, காரணம் எல்லாம் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் எங்கே அனுப்புவது என்று கேட்டு, கூரியர் ரசீதைப் படமெடுத்து அதே மின்னஞ்சல் தொடரில் சேருங்கள். நோட்டீஸுக்கான தொகையைக் கட்டத் தயார் என்று எழுதி, இறுதிக் கணக்கையும் ரிலீவிங் லெட்டரையும் கேளுங்கள். பாக்கி வசூலானால் கடிதம் கொடுத்துக் கோப்பை மூடத்தான் பல கம்பெனிகள் விரும்பும். வெளியேறிய தேதியை அவர்கள் பதியாவிட்டால், கடைசிச் சந்தாவிலிருந்து 2 மாதம் கழித்து பி.எஃப். உறுப்பினர் தளத்தில் 'மேனேஜ்' பகுதிக்குள் 'மார்க் எக்ஸிட்' வழியாக நீங்களே பதியலாம். ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு ஓ.டி.பி. வரும். கடைசிச் சந்தா எந்த மாதத்துக்கோ அந்த மாதத்துக்குள் ஒரு தேதியாக அது இருக்க வேண்டும். அவசரத்தில் தப்பாகப் போட்டால் திருத்துவது பெரும்பாடு. ராஜினாமா மின்னஞ்சலில் எழுதிய அதே தேதியைப் போடுங்கள்.

## பாண்டு என்றதும் பயப்படுவது, அல்லது பயப்படவே மாட்டேன் என்பது

இரண்டுமே தவறு. இத்தனை காலம் இருப்பேன், முன்பே விலகினால் பணம் தருவேன் என்ற ஒப்பந்தம்தான் பாண்டு. அதில் கையெழுத்திட்டாலும் உங்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்க முடியாது. ஆனால் பணம் கேட்கலாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி, பாண்டில் குறிப்பிட்ட தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடு வரைதான் அந்த உரிமை. "பாண்டு எல்லாம் செல்லாது" என்று நண்பர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். 3 ஆண்டு முடிவதற்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்று ஒரு பொதுத்துறை வங்கி வைத்த நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கம்பெனி உங்கள் பயிற்சிக்கு உண்மையில் எவ்வளவு செலவழித்தது என்பதை வைத்துப் பேரம் பேசலாம். பல இடங்களில் பேசினால் குறைப்பார்கள்.

அசல் சான்றிதழ்களையும் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையையும் எந்தக் கம்பெனிக்கும் கொடுக்காதீர்கள்.

## ஜாயினிங் போனஸைச் செலவழித்துவிடுவது

பெரும்பாலும் 12 மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும். வரி போக 80,000 கைக்கு வந்திருந்தாலும், கேட்பது முழு 1 லட்சமாகவே இருக்கலாம். நிபந்தனையில் எந்தத் தொகை என்று படியுங்கள். புது ஊருக்குக் குடிமாறக் கொடுத்த பணத்துக்கும் இதே நிபந்தனை இருக்கக்கூடும்.

## வாய்ச்சொல் ஆஃபரை நம்பிப் பேப்பர் போடுவது

கடிதம் வரட்டும்.

## பழைய கம்பெனியைக் கேட்கக் கூச்சப்படுவது

இதற்கு முன் இருந்த கம்பெனியிலிருந்து நல்லபடியாக விலகியிருந்தால், இங்கே சேர்ந்த முதல் 2 மாதத்துக்குள், திரும்பி வரலாமா என்று பழைய மேலாளரிடம் பேசிவிடுங்கள். உங்கள் இடத்துக்கு இன்னும் ஆள் எடுத்திருக்க மாட்டார்கள். எடுத்திருந்தாலும் அவர் தன் கம்பெனியில் நோட்டீஸில் இருப்பார். 6 மாதம் கழித்துக் கேட்டால் அந்த இடம் இருக்காது. பழைய சம்பளத்துக்கே திரும்பத் தயாரா என்பதை மட்டும் பேசுவதற்கு முன் முடிவுசெய்துகொள்ளுங்கள். மேலாளரிடம் பேசிய பிறகு எச்.ஆருக்கு எழுதுங்கள். எச்.ஆரிலிருந்து தொடங்கினால் உங்கள் மனு புதிய விண்ணப்பங்களோடு வரிசையில் நிற்கும்.

## முந்தைய சம்பளத்தைப் புதிய கம்பெனிக்குச் சொல்லாமல் விடுவது

ஒரே நிதியாண்டில் இரண்டு கம்பெனி என்றால், இரண்டுமே தனித்தனியாக நிலைக் கழிவும் (ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன்) வரியில்லா வரம்புச் சலுகையும் கொடுத்துக் குறைவாக வரி பிடிக்கும். ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்யும்போது விட்டுப்போன வரி வட்டியோடு வந்து நிற்கும்.

## குழுக் காப்பீட்டை மறந்துவிடுவது

கடைசி வேலை நாளோடு அது முடிகிறது. அப்பா, அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை எதுவும் இருந்தால் தேதியைப் பார்த்துப் பேப்பர் போடுங்கள்.

## இறுதிக் கணக்கு தானாக வரும் என்று காத்திருப்பது

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, விலகியவரின் ஊதியத்தை 2 வேலை நாளுக்குள் கொடுக்கச் சொல்கிறது. ஆனால் 30, 45 நாள் இழுப்பது பழைய வழக்கம், அது ஒரே நாளில் மாறாது. கம்பெனி மின்னஞ்சல் கடைசி நாள் மாலையிலேயே மூடப்பட்டுவிடும் என்பதால், சம்பளச் சீட்டுகள், ஆஃபர் கடிதம், ராஜினாமாவை ஏற்ற பதில் மூன்றையும் அதற்கு முன்பே உங்கள் சொந்த முகவரிக்கு அனுப்பி வையுங்கள். கம்பெனியின் மற்ற கோப்பு எதையும் அப்படி அனுப்பாதீர்கள்; அது தனி வழக்காகிவிடும்.