எடின்பரோவில் மூன்று நாள்: மேடு பள்ளம் பார்த்துத் திட்டம் போடுவது எப்படி?

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் மூன்று நாளில் என்னென்ன பார்க்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: இடங்களின் பட்டியலை அப்புறம் போடுங்கள். எந்த இடம் மேலே இருக்கிறது, எது கீழே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அதற்கேற்ப நாட்களைப் பிரித்தால் கால் வலிக்காது, நேரமும் மிச்சம்.

விசா, விமான டிக்கெட் விஷயங்களுக்குள் போகவில்லை. லண்டனிலிருந்து வருபவர்கள் கிங்ஸ் கிராஸில் ரயில் ஏறினால் சுமார் நாலரை மணி நேரம். வலப்பக்க ஜன்னல் இருக்கையாகப் பதிவு செய்யுங்கள். பெரிக் ஊரை ஒட்டிப் பாறைக் கரையும் வடகடலும் அந்தப் பக்கம்தான் வரும்.

படி 1: தேதி

ஆகஸ்ட் வேண்டாம். 1947-இல் தொடங்கிய கலைவிழாக்கள் அந்த மாதம் முழுக்க நடக்கும், அறை வாடகை எகிறிவிடும். விழாவுக்காகவே போகிறீர்கள் என்றால் சரி. ஊர் பார்க்க மே, செப்டம்பர் நல்லது. டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும்.

படி 2: தங்குமிடம் (இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்)

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான். போன் வரைபடத்தில் கௌகேட் தெருவும் சவுத் பிரிட்ஜ் தெருவும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். நீலப் புள்ளியும் சரியாக அந்த இடத்திலேயே நிற்கும். ஆனால் நீங்கள் மேலே நிற்பீர்கள், விடுதியின் கதவு பல மாடி உயரத்துக்குக் கீழே இருக்கும். அங்கே இறங்கத் திரும்பும் வழி கிடையாது.

காரணம் நிலத்தில் இருக்கிறது. கோட்டை நிற்பது பழைய எரிமலையின் கெட்டிப் பாறை மேல். மேற்கிலிருந்து நகர்ந்து வந்த பனிப்பாறைகளால் அதைக் கரைக்க முடியவில்லை. அதனால் அதன் கிழக்கே மட்டும் நிலம் நீளச் சரிவாகத் தப்பி நின்றது. அந்தச் சரிவின் முதுகில் போவதுதான் ராயல் மைல் என்னும் பழைய நகரின் முக்கியத் தெரு. இரண்டு பக்கமும் பள்ளம். வடக்குப் பள்ளத்தில் இருந்த ஏரியை வற்றவைத்தார்கள். பிரின்சஸ் தெருப் பூங்கா இன்று அங்கேதான் இருக்கிறது. வேவர்லி ரயில் நிலையமும் அந்தப் பள்ளத்தில்தான். தெற்குப் பள்ளத்தில் கௌகேட். பிற்பாடு இந்தப் பள்ளங்களின் மேல் பாலம் போட்டு, பாலத்தின் இருபுறமும் கட்டடங்களை எழுப்பிவிட்டார்கள். சவுத் பிரிட்ஜுக்கு மொத்தம் 19 வளைவுகள். கண்ணுக்குத் தெரிவது கௌகேட்டைத் தாண்டும் ஒன்றே ஒன்று. மேலே நடக்கும்போது இரண்டு பக்கமும் கடைகள்தான் தெரியும், பாலத்தில் போகிறோம் என்றே தோன்றாது. ஜார்ஜ் IV பிரிட்ஜில் இருக்கும் தேசிய நூலகத்தைப் பாருங்கள்: தெரு மட்டத்தில் வாசல், அதன் கீழே கௌகேட் வரை அடுக்கடுக்காக மாடிகள்.

ஆகவே அறை பதிவு செய்யும் முன் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் இலவச இணைய வரைபடத்தில் முகவரியைத் தேடுங்கள். நடைக்கு கூகுள் மேப்ஸைவிட இதையே நான் விரும்புகிறேன். படிக்கட்டுகளைச் சிவப்புச் சிறு கோடுகளாகத் தனியே காட்டும், எங்கே ஏற வேண்டும் என்று வீட்டிலிருந்தே தெரிந்துவிடும். தெருப் பெயரில் பிரிட்ஜ் என்று இருந்தால் அது மேல்மட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியோடு வேவர்லியில் இறங்கினால் மார்க்கெட் தெரு வாசலில் வெளியே வாருங்கள். எதிரே பிளெஷ்மார்க்கெட் குளோஸ் என்னும் சந்து குறுக்குவழி மாதிரித் தெரியும். செங்குத்தான படிகள், பெட்டியோடு வேண்டாம். கோபர்ன் தெரு வளைந்து வளைந்து ஏறி ராயல் மைலுக்குக் கொண்டுபோகும், ஒரு படிகூடக் கிடையாது. அங்கிருந்து கௌகேட்டுக்கு பிளேர் தெருச் சரிவில் இறங்கலாம். கோட்டைக்குத் தெற்கே கீழே இருக்கும் கிராஸ்மார்க்கெட் சதுக்கத்துக்குப் போவதென்றால் விக்டோரியா தெரு.

படி 3: முதல் நாள், மேலிருந்து கீழே

காலையில் கோட்டை. டிக்கெட்டை முன்பே இணையத்தில் வாங்குங்கள். 12-ஆம் நூற்றாண்டின் புனித மார்கரெட் சிற்றாலயத்தைத் தவறவிடாதீர்கள், ஊரிலேயே பழைய கட்டடம் அது. ஒரு மணிக்குப் பீரங்கி வெடிக்கும். 1861 முதல் இருக்கும் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை கிடையாது என்பதால் கோட்டையை ஞாயிறன்று வைத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் ராயல் மைலில் இறங்கிக்கொண்டே வாருங்கள். ஹோலிரூட் அரண்மனை வரை சுமார் 1.8 கிலோமீட்டர், முழுக்கச் சரிவு. இரண்டு பக்கமும் குளோஸ் என்னும் சந்துகள் வரும். அட்வகேட்ஸ் குளோஸ் வாயிலில் நின்று வடக்கே பாருங்கள்: இரண்டு கல்சுவர்களுக்கு நடுவே ஒல்லியாக, நேர் எதிரே எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டின் நினைவுக் கோபுரம். பார்த்துவிட்டு மேலேயே இருங்கள். இறங்கினால் திரும்ப ஏற வேண்டும்.

படி 4: இரண்டாம் நாள், தெற்கு

கிரேஃப்ரையர்ஸ் கல்லறைத் தோட்டம், பக்கத்திலேயே ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. குளோனிங் மூலம் பிறந்த டாலி ஆடு அருங்காட்சியகத்தில்தான் பதப்படுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. மழை பெய்தால் அரை நாளை இங்கேயே கழிக்கலாம். மாலையில் கிராஸ்மார்க்கெட்டுக்கு இறங்கி, தெற்கே வென்னல் படிகளில் பாதி ஏறித் திரும்பிப் பாருங்கள். கோட்டை இவ்வளவு அழகாகத் தெரியும் இடம் வேறில்லை என்பது என் எண்ணம்.

சைவ உணவுக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். ஹாகிஸ் என்பது ஆட்டின் உள்ளுறுப்புகளில் செய்யும் ஸ்காட்லாந்து உணவு. பருப்பும் ஓட்ஸும் சேர்த்த அதன் சைவ வகை பல கடைகளில் கிடைக்கும்.

படி 5: மூன்றாம் நாள், ஒரு குன்றும் புது நகரும்

ஆர்தர்ஸ் சீட் என்னும் குன்று 251 மீட்டர் உயரம். காற்று பலமாக இருந்தால் விட்டுவிட்டு கால்டன் குன்றுக்குப் போங்கள், பத்து நிமிட ஏற்றம்தான். 1826-இல் தொடங்கிப் பணமில்லாமல் நின்றுபோன தேசிய நினைவுச்சின்னத்தின் 12 தூண்கள் அங்கே நிற்கின்றன. பிறகு வடக்கே 18-ஆம் நூற்றாண்டில் திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய புது நகரின் நேரான தெருக்களில் நடந்து, ஆற்றங்கரையில் இருக்கும் பழைய ஆலைக் குடியிருப்பான டீன் வில்லேஜுக்குப் போங்கள்.

குடை கொண்டுபோகாதீர்கள், இந்த ஊர்க் காற்றில் ஒடிந்துவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டும் வழுக்காத காலணியும் போதும். பேருந்தில் வங்கி அட்டையைத் தட்டி ஏறலாம். காசாகக் கொடுத்தால் மீதி கிடைக்காது.

பின்சேர்க்கை

குழந்தை வண்டியோடும் முட்டிவலி உள்ள பெரியவர்களோடும் போகலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். போகலாம். கோட்டையிலிருந்து ஹோலிரூட் வரை நடந்துவிட்டு, திரும்பும்போது பேருந்து பிடியுங்கள். கால்டன் குன்றில் படி இல்லாத பாதையும் உண்டு.

இங்கிலாந்தில் ஆகஸ்ட் கடைசித் திங்கள் விடுமுறை. ஸ்காட்லாந்தில் அது முதல் திங்கள். ஒரே பிரிட்டன்தானே என்று நினைத்துத் தேதி குறிக்க வேண்டாம்.

இன்னொன்று: 2026 ஜூலை 24 முதல் தங்கும் இரவுகளுக்கு நகராட்சி 5 சதவீத வரி விதிக்கிறது, தொடர்ந்து தங்கினால் முதல் ஐந்து இரவுகளுக்கு மட்டும். பதிவு செய்யும்போது காட்டும் தொகையில் அது சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.