முதல் மனை வாங்கப் போகிறீர்களா? நல்ல வழிகாட்டியைப் பிடிப்பது எப்படி

வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்), பட்டா (நில உரிமைக்கான வருவாய்த்துறை ஆவணம்) எல்லாம் ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில், தரகரை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளாதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் கிரயம் முடிந்தால்தான் அவருக்குக் கமிஷன். "இது வேண்டாம், விட்டுடு" என்று சொல்லக்கூடிய ஆள்தான் நமக்குத் தேவை. சிவில் வக்கீல், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் அனுபவமுள்ள பத்திர எழுத்தர், ஓய்வுபெற்ற சர்வேயர் என்று தேடுங்கள். என் ஓட்டு சர்வேயருக்குத்தான்.

அடுத்து, அவரிடம் எப்படிப் பேசுவது? எனக்கு ரொம்ப நாள் பிடித்தது இங்கேதான். "சார், ரியல் எஸ்டேட் கத்துக்கணும்" என்றால் "பார்க்கலாம் தம்பி" என்பதற்கு மேல் பதில் வராது. அதனால் ஒரு மனையைத் தேர்ந்தெடுங்கள். கடைசியில் வாங்காமல் போனாலும் பரவாயில்லை. விற்பவரிடம் பத்திர நகல் கேளுங்கள். பதிவுத்துறை தளத்தில் வில்லங்கச் சான்றும், வருவாய்த்துறையின் இ-சேவை தளத்தில் பட்டாவும் புலப்படமும் (நிலத்தின் எல்லைகளைக் காட்டும் சர்வே வரைபடம்) எடுங்கள். எல்லாவற்றையும் அச்செடுத்துவிடுங்கள், கைபேசித் திரையில் புலப்படத்தைக் காட்டிப் பயனில்லை. பொருந்தாத இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள்.

என் வழிகாட்டியிடம் நான் கொண்டுபோன பத்திரத்தில் சர்வே எண் 112/3, பட்டாவில் 112/3பி, அதாவது அதன் ஓர் உட்பிரிவு. "சார், இந்த உட்பிரிவில் மனை எந்தப் பக்கம் வரும்?" என்று கேட்டதும் அவர் கண்ணாடியைத் தேடி எடுத்தார். புலப்படத்தில் விரல் வைத்து, மனைக்குப் போகும் வண்டிப்பாதை பக்கத்து உட்பிரிவுக்குள் போவதைக் காட்டினார். "இது யார் பட்டா, பார்த்தீங்களா?" எனக்குத் தோன்றவே தோன்றாத கேள்வி. அதற்குப் பிறகு எந்த மனையைப் பார்த்தாலும் முதலில் பாதையைத்தான் பார்க்கிறேன்.

அவர் நேரத்துக்குக் காசு கொடுங்கள். வக்கீலிடம் சட்டக் கருத்தை எழுத்தில் வாங்குங்கள்.

பின்சேர்க்கை: ரியல் எஸ்டேட் கற்றுத்தரும் கட்டண வகுப்புகள் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். வகுப்பு எடுப்பவர் முடிவில் தன்னுடைய லேஅவுட்டையே விற்க ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு கட்டாயமான திட்டங்களில் மனை விற்றுத்தரும் முகவரும் பதிவு செய்திருக்க வேண்டும். தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு: எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும் வழிகாட்டி பெயரில் பவர் (உங்கள் சார்பில் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுக்காதீர்கள். காகிதங்களோடு வீட்டு ஆள் ஒருவரை அவரிடம் அனுப்பிவிட்டு, நீங்கள் வீடியோ காலில் பேசுங்கள்.